கூரைத் தகடு பொருத்தும் முறையும் ஒழுக்கைத் தடுத்தலும்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நீண்ட காலமாக டிசம்பர் மாதத்திலேயே நடைபெற்று வந்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை பொழியும் காலமும் அதுவே. மலையகத்தின் லயன் அறைகள், 2004 ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின்னர் எழுந்த தற்காலிக வீடுகள், இடம்பெயர்ந்து மீண்டவர்கள் முதலில் அமைத்துக்கொண்ட கொட்டில்கள் என்பவற்றிலெல்லாம் தகரக் கூரையின் கீழ் இருந்து படித்த பிள்ளைகள் பலர். அத்தகைய வீட்டில் ஓர் ஒழுக்கு என்பது சிறிய விடயமன்று. நனைந்த கொப்பியை மீண்டும் எழுத வேண்டும்; நனைந்த பாயை உலர்த்த வெயிலும் இராது.

இப்பாடத்தில் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டிய முக்கிய கருத்து ஒன்று உண்டு. புதிய தகட்டில் நீர் உட்புகாது. தகட்டைப் பொருத்துவதற்காக நாம் இடும் துளைகளினாலும், இரண்டு தகடுகள் சேரும் விளிம்புகளினாலுமே நீர் உட்புகுகின்றது. எனவே, ஒழுகாத கூரை என்பது நன்றாகப் பொருத்தப்பட்ட கூரை ஆகும். பொருத்தும் முறையின் ஒவ்வொரு விதிக்கும் ஒரு விஞ்ஞானக் காரணம் உண்டு. விதியை மட்டும் மனனம் செய்யாமல் காரணத்துடன் சேர்த்துக் கற்பீர்களாயின், வினா எவ்விதம் மாறி வந்தாலும் விடை எழுதலாம்.

1. கூரைத் தகடு

தட்டையான மெல்லிய இரும்புத் தகட்டை இரு ஓரங்களில் தாங்கினால் அது நடுவில் தொய்யும். அதையே அலை அலையாக நெளித்தால் பாரத்தைத் தாங்கும் வலிமை பல மடங்கு கூடும். ஒரு கடதாசித் தாளை விசிறிபோல மடித்துப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். இரும்புத் தகட்டை நெளிக்கும் இம்முறைக்கு 1829 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி றொபின்சன் பாமர் ஆக்கவுரிமை பெற்றார்.

இரும்பு துருப்பிடிக்கும். இதனைத் தடுக்க அதன்மீது நாகம் பூசப்படுகின்றது. இது கல்வனைசுப்படுத்தல் எனப்படும். பிரான்சு நாட்டின் ஸ்ரனிஸ்லாஸ் சொறல் 1837 இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். இன்று அலுமினியமும் நாகமும் கலந்த பூச்சுள்ள தகடுகளும் பெருமளவில் விற்பனையாகின்றன. இவற்றுட் பலவற்றின் பூச்சில் ஏறக்குறைய 55 சதவீதம் அலுமினியம் ஆகும்.

நெளிதகட்டில் உயர்ந்த பகுதியை மேடு எனவும் தாழ்ந்த பகுதியைப் பள்ளம் எனவும் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

2. நீர் உட்புகும் வழிகள்

நீர் மூன்று வகையில் உட்புகலாம்.

(அ) புவியீர்ப்பினால்: நீர் மேலிருந்து கீழே ஓடும்போது வழியில் உள்ள திறந்த துளையினூடாக இறங்கும்.

(ஆ) மயிர்த்துளைத்தன்மையினால்: இரண்டு தகடுகள் மிக நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது அவற்றின் இடையேயுள்ள ஒடுங்கிய வெளியில் நீர் தானாகவே ஏறும். சரிவுக்கு எதிராக மேல்நோக்கிக்கூட ஏறும்.

(இ) காற்றினால்: பலத்த காற்று மழைநீரைத் தகட்டு விளிம்பின் அடியில் தள்ளிவிடும்.

பலர் முதலாவதை மட்டுமே நினைத்துக்கொள்கின்றனர். ‘நீர் கீழ்நோக்கித்தானே ஓடும், ஒரு விரல் அளவு மேலே கிடந்தால் போதும்’ என எண்ணித் தகடுகளைக் குறைவாக மேற்கவித்துப் பொருத்துகின்றனர். அவ்வாறான கூரை மென்மழைக்கு ஒழுகாது. காற்றுடன் கூடிய மழைக்கு ஒழுகும்.

3. ஆணியா, திருகாணியா?

முற்காலத்தில் குடை போன்ற தலையுடைய தகர ஆணிகளே பயன்பட்டன. ஆணியின் உடல் வழுவழுப்பானது. மரத்திற்கும் ஆணிக்கும் இடையிலான உராய்வே அதனைப் பிடித்து வைத்திருக்கின்றது. திருகாணியிலோ புரிகள் மரத்தினுள் வெட்டிச் சென்று பற்றிக்கொள்கின்றன.

இவ்வேறுபாடு ஏன் முக்கியமானது? பகலில் வெயில் பட்டுத் தகடு விரிவடையும். இரவில் அல்லது திடீர் மழையில் சுருங்கும். 6 மீற்றர் நீளமான இரும்புத் தகட்டின் வெப்பநிலை 40 செல்சியசுப் பாகையால் உயர்கிறது எனக் கொள்வோம். இரும்பின் நீள விரிவுக் குணகம் பாகை ஒன்றுக்கு ஏறக்குறைய 0.000012 ஆகும்.

நீள அதிகரிப்பு = 6000 மி.மீ. × 0.000012 × 40 = 2.88 மி.மீ.

ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். அலுமினியத் தகடாயின் குணகம் ஏறக்குறைய இரு மடங்காதலால் நீள அதிகரிப்பும் இரு மடங்காகும். இந்த அசைவு நாள்தோறும் நிகழ்கின்றது. காற்றின் அதிர்வும் இதனுடன் சேர்கின்றது. வழுவழுப்பான ஆணி சிறிது சிறிதாக மேலெழும்புகின்றது. அதன் தலை தகட்டை விட்டு விலகியதும் துளை திறந்துவிடுகின்றது. வெயிலில் கூரை ‘டக், டக்’ என ஒலிப்பதும் இவ்வசைவினாலேயே ஆகும்.

எனவே, இறப்பர் வொஷருடன் கூடிய திருகாணியே சிறந்தது. இறப்பர் மீள்தன்மை உடையது. தகடு சற்று அசைந்தாலும் அது துளையை மூடியபடியே இருக்கும். வெயிலையும் மழையையும் நீண்டகாலம் தாங்கும் செயற்கை இறப்பரினாலான வொஷர்களைத் தெரிவு செய்தல் வேண்டும். சாதாரண இறப்பர் விரைவில் வெடித்துவிடும்.

திருகாணியின் நீளத்தையும் கணித்தல் வேண்டும். தகட்டு மேட்டின் உயரம் 18 மி.மீ. எனவும், திருகாணி மரத்தினுள் குறைந்தது 30 மி.மீ. செல்லவேண்டும் எனவும் கொண்டால், வேண்டிய நீளம் 18 + 30 = 48 மி.மீ. ஆகும். ஆகவே 50 மி.மீ. திருகாணி பொருத்தமானது. சட்டம் இரும்பினாலானதாயின் இரும்பைத் துளைக்கும் நுனியுள்ள வேறு வகைத் திருகாணியைப் பயன்படுத்தல் வேண்டும். மரத்துக்குரியதை இரும்பிலும் இரும்புக்குரியதை மரத்திலும் இடலாகாது.

4. மேட்டிலா, பள்ளத்திலா?

மழைநீர் பள்ளத்தின் வழியே ஓடுகின்றது. பள்ளத்தில் துளையிட்டால் கூரையில் விழும் நீர் முழுவதும் அத்துளையைக் கடந்தே செல்லும். மேட்டில் துளையிட்டால் அதன்மீது நேரே விழும் சில துளிகள் மட்டுமே அதனைத் தொடும். அவையும் இருபுறமும் வழிந்துவிடும். எனவே, கூரையில் நெளிதகட்டை மேட்டிலேயே பொருத்துதல் வேண்டும்.

அகன்ற தட்டைப் பகுதிகளும் இடையிடையே வரம்புகளும் கொண்ட சில புதிய வகைத் தகடுகளுக்கு, வரம்பின் அருகேயுள்ள தட்டைப் பகுதியில் பொருத்துமாறு உற்பத்தியாளர் அறிவுறுத்துவது உண்டு. அவற்றில் இறப்பர் வொஷர் சமதளத்தில் முழுமையாகப் படிந்து அடைக்கின்றது. அவ்வகைத் தகட்டுக்கு உற்பத்தியாளரின் அறிவுறுத்தலையே பின்பற்றுக.

5. இறுக்கும் அளவு

ஒழுக்குகளுக்கு இதுவே பெரும் காரணம். மூன்று நிலைகளையும் ஒப்பிட்டுப் படிக்குக.

குறைவாக இறுக்கினால்: வொஷர் தகட்டில் படியாது. இடைவெளியினால் நீர் இறங்கும்.

அளவாக இறுக்கினால்: இறப்பர் சற்று நசுங்கி, மேலேயுள்ள உலோக வட்டத்தின் விளிம்புவரை வந்து நிற்கும். இதுவே சரியான நிலை.

கூடுதலாக இறுக்கினால்: இறப்பர் பிதுங்கிக் கிழியும். அத்துடன் மேடு உள்நோக்கி அமுங்கிச் சிறு குழியாகும். அக்குழியில் நீர் தேங்கும். தேங்கிய நீர் துளையின் மேலேயே நிற்பதால் உட்புகவும் துருவை உண்டாக்கவும் வாய்ப்பு அதிகம்.

‘இறுக்க இறுக்க நல்லது’ என்பது கூரைக்குப் பொருந்தாது. மேலும், திருகாணி தகட்டுக்குச் செங்குத்தாக இறங்குதல் வேண்டும். சரிந்து இறங்கினால் வொஷரின் ஒரு பக்கம் நசுங்க, மறுபக்கம் திறந்திருக்கும்.

30 சதுர மீற்றர் பரப்புள்ள சிறிய வீட்டுக் கூரை ஒன்றில் சதுர மீற்றருக்கு 6 திருகாணிகள் எனக் கொண்டால் 180 துளைகள் இருக்கும். 179 துளைகள் சரியாக இருந்தும் ஒன்று தவறினால் அந்த வீடு ஒழுகும். கூரை வேலையில் அவசரம் ஆகாது என்பதன் காரணம் இதுவே.

6. மேற்கவிவும் சரிவும்

ஒரு தகட்டின் விளிம்பின்மீது மற்றைய தகடு கிடக்கும் அளவு மேற்கவிவு ஆகும். இது இரு வகைப்படும்.

பக்க மேற்கவிவு: நெளிதகட்டில் குறைந்தது ஒன்றரை நெளிவு இருத்தல் வேண்டும்.

முனை மேற்கவிவு: மேற்றகட்டின் கீழ்முனை கீழ்த்தகட்டின் மேல்முனையின்மீது கிடக்கும் அளவு. பொதுவாக 150 மி.மீ. ஆகும். சரிவு குறைந்த கூரையில் 200 மி.மீ. அல்லது அதற்குக் கூடுதலாக இருத்தல் நன்று.

சரிவு குறையும்போது மேற்கவிவை ஏன் கூட்டவேண்டும்? சரிவு குறைந்தால் நீர் மெதுவாக ஓடும். காற்று அதனை மேல்நோக்கித் தள்ளுவது இலகுவாகும். 15 பாகைச் சரிவில் ஒரு மீற்றர் கிடைத் தூரத்துக்கு ஏறக்குறைய 268 மி.மீ. உயர்வு உண்டு. 10 பாகையில் 176 மி.மீ. மட்டுமே.

தகடுகளை அடுக்கும் ஒழுங்கும் முக்கியமானது. கீழிருந்து மேலாக, அதாவது பீலிப் பக்கத்திலிருந்து முகட்டை நோக்கி அடுக்குதல் வேண்டும். பக்கவாட்டில், மழைக்காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். உதாரணமாக, மட்டக்களப்பில் வடகீழ்க் காற்றே பெருமழையைத் தருகின்றது. எனவே கூரையின் தென்மேற்கு முனைக்கு அருகிலிருந்து தொடங்கினால், மேலே கிடக்கும் தகடுகளின் திறந்த விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டியபடி அமையும். தென்மேல் பருவப்பெயர்ச்சியால் மழை பெறும் மலையகத்தின் மேற்குச் சாய்வில் இவ்வொழுங்கு மாறும்.

தகட்டின் கீழ்முனை பீலிக்குள் ஏறக்குறைய 50 மி.மீ. நீண்டிருத்தல் வேண்டும். குறைந்தால் நீர் தகட்டின் அடியால் திரும்பி மரத்தை நனைக்கும். முகட்டுத் தகடு இருபுறமும் குறைந்தது 150 மி.மீ. மேற்கவிதல் வேண்டும்.

7. காற்றும் கூரையும்

23.11.1978 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஏராளமான வீடுகள் கூரை இழந்தன. காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்துவதில்லையா, எவ்வாறு அது மேலே பறக்கிறது என மாணவர்கள் கேட்பது வழக்கம். காற்று கூரையின் மேலாக விரைந்து செல்லும்போது அங்கு அமுக்கம் குறைகின்றது. திறந்த கதவு, யன்னல் வழியாக உட்புகும் காற்று உள்ளே அமுக்கத்தைக் கூட்டுகின்றது. இவ்விரண்டும் சேர்ந்து தகட்டை மேலே தூக்குகின்றன.

காற்றின் கதி செக்கனுக்கு 30 மீற்றர், அதாவது மணிக்கு 108 கிலோமீற்றர் எனவும், வளியின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.2 கிலோகிராம் எனவும் கொள்க.

அமுக்கம் = ½ × அடர்த்தி × கதியின் வர்க்கம் = ½ × 1.2 × 900 = 540 பசுக்கால்

அதாவது சதுர மீற்றருக்கு 540 நியூற்றன். 3 மீற்றர் நீளமும் 0.8 மீற்றர் அகலமும் உள்ள தகட்டின் பரப்பு 2.4 சதுர மீற்றர். இதே அளவு அமுக்க வேறுபாடு தகட்டைத் தூக்கினால் விசை 540 × 2.4 = 1296 நியூற்றன். இது ஏறக்குறைய 130 கிலோகிராம் நிறையைத் தூக்கப் போதுமானது. தகட்டின் சொந்தத் திணிவு 10 கிலோகிராம் அளவே. ஆகவே கூரையைக் காப்பது தகட்டின் பாரம் அன்று, திருகாணிகளே. 18 திருகாணிகள் இருந்தால் ஒவ்வொன்றும் 72 நியூற்றனைத் தாங்கினால் போதும். 6 மட்டும் இருந்தால் ஒவ்வொன்றும் 216 நியூற்றனைத் தாங்கவேண்டும்.

சூத்திரத்தில் கதி வர்க்கமாக வருவதையும் கவனிக்குக. கதி இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

காற்றின் இழுவை கூரையின் விளிம்புகளிலும் மூலைகளிலும் முகட்டு ஓரத்திலும் மிக அதிகம். எனவே அவ்விடங்களில் திருகாணிகளை நெருக்கமாக இடுதல் வேண்டும். கூரை மீது கல், டயர் என்பவற்றைப் பாரமாக வைப்பது நிலையான தீர்வு அன்று. பெருங்காற்றில் அவையே உருண்டு விழுந்து ஆபத்தை விளைவிக்கும்.

8. பொருந்தாத உலோகங்கள்

தொழிற்பாட்டுத் தொடரில் நாகம் இரும்புக்கு மேலேயும் செம்பு மிகக் கீழேயும் உள்ளன. ஈரத்தின் முன்னிலையில் வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும்போது தொடரில் மேலேயுள்ளது விரைவில் அரிக்கப்படும். நாகம் தன்னை இழந்து இரும்பைக் காப்பதும் இவ்விதியினாலேயே.

இதிலிருந்து பின்வரும் நடைமுறைகளைப் பெறலாம்.

• பூச்சற்ற சாதாரண இரும்பு ஆணியை இடலாகாது. அது முதலில் துருப்பிடிக்கும். பின்னர் துளையும் பெருக்கும்.

• செப்புக் கம்பி, செப்புக் குழாய் என்பன தகட்டைத் தொடலாகாது.

• துளையிடும்போது உதிரும் இரும்புத் துகள்களை அன்றே மென்மையான தும்புத்தடியால் கூட்டி அகற்றுதல் வேண்டும். விட்டால் அவை துருப்பிடித்துத் தகட்டின் மேல் கறையை உண்டாக்கும்.

• அலுமினியம் கலந்த பூச்சுள்ள தகட்டில் கரிப் பென்சிலால் அடையாளம் இடலாகாது. பென்சிலிலுள்ள காரீயம் ஈரத்துடன் சேர்ந்து பூச்சை அரிக்கும்.

• ஈரமான சீமெந்துக் கலவை தகட்டில் படலாகாது. அதிலுள்ள காரம் நாகத்தையும் அலுமினியத்தையும் தாக்கும்.

கடற்கரையோரத்தில் உப்புக்காற்றினால் அரிப்பு விரைவாக நிகழும். அங்கே தரமான பூச்சுள்ள திருகாணிகளுக்குச் செலவிடுவது வீண் செலவு அன்று.

9. ஒழுக்கைக் கண்டறிதலும் திருத்தலும்

துளி விழும் இடத்துக்கு நேர் மேலே துளை இருக்கும் எனக் கருதலாகாது. உட்புகுந்த நீர் தகட்டின் அடிப்புறத்தாலோ மரத்தின் வழியாகவோ சிறிது தூரம் ஓடிய பின்னரே சொட்டும். ஆகவே சொட்டும் இடத்திலிருந்து சரிவின் மேற்பக்கமாகத் தேடுதல் வேண்டும். மழையற்ற நாளில் ஒருவர் நீர்க்குழாயினால் கூரையின் கீழ்ப்பகுதியிலிருந்து படிப்படியாக மேல்நோக்கி நனைக்க, மற்றவர் உள்ளே நின்று பார்க்கலாம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து குழப்பம் ஏற்படும்.

எல்லாச் சொட்டும் ஒழுக்கு அன்று. நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் மழை பெய்யாத விடியற்காலையிலும் தகரத்திலிருந்து நீர் சொட்டும். அறையிலுள்ள ஈரமான இளஞ்சூட்டு வளி குளிர்ந்த தகட்டில் பட்டு நீராவி ஒடுங்குவதே காரணம். இதற்குத் திருகாணியை மாற்றிப் பயனில்லை. காற்றோட்டமும் தகட்டின் கீழ் ஒரு காவலிப் படையுமே தீர்வு.

ஆணித் துளை பெருத்திருந்தால் பழைய ஆணியைக் கழற்றி, அதனிலும் பருமனான திருகாணியைப் பெரிய வொஷருடன் இடுதல் வேண்டும். அதே ஆணியை மீண்டும் அடித்து இறக்கினால் சில வாரங்களில் மீண்டும் எழும்பும். சீமெந்தோ தாரோ பூசி மூடுவதும் நிலைக்காது. நாள்தோறும் விரிந்து சுருங்கும் தகட்டுடன் அவை சேர்ந்து அசையமாட்டா, வெடித்துவிடும்.

10. பாதுகாப்பு

கூரை வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது. தகட்டின் மீது நடப்பவர் கீழே சட்டம் உள்ள திருகாணி வரிசையின் மீதே கால் வைத்தல் வேண்டும். நனைந்த கூரையிலும், காற்று அல்லது இடிமின்னல் உள்ள வேளையிலும் ஏறலாகாது. மின்கம்பி அருகே நீளமான தகட்டைத் தூக்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. தகட்டு விளிம்பு கத்தி போன்றது, கையுறை அணிக.

மாதிரி வினா–விடை

வினா 1: கூரையில் நெளிதகட்டை மேட்டில் பொருத்துவதற்குக் காரணம் யாது?
விடை: மழைநீர் பள்ளத்தினூடாக ஓடுவதால், மேட்டிலுள்ள துளை ஓடும் நீருடன் தொடுகையுறாது.

வினா 2: திருகாணியை அளவுக்கு மீறி இறுக்குவதால் ஏற்படும் இரண்டு தீமைகளைக் கூறுக.
விடை: இறப்பர் வொஷர் பிதுங்கிக் கிழியும். மேடு அமுங்கிக் குழியாகி நீர் தேங்கும்.

வினா 3: 5 மீற்றர் அலுமினியத் தகடு 25 இலிருந்து 60 செல்சியசுப் பாகைக்கு வெப்பமேறும்போது நீள அதிகரிப்பு யாது? (நீள விரிவுக் குணகம் பாகை ஒன்றுக்கு 0.000024)
விடை: 5000 × 0.000024 × 35 = 4.2 மி.மீ.

வினா 4: கூரையின் ஓரங்களில் திருகாணிகளை நெருக்கமாக இடுவது ஏன்?
விடை: காற்றினால் ஏற்படும் மேல்நோக்கிய இழுவை ஓரங்களிலும் மூலைகளிலும் கூடுதலாதலால், ஒவ்வொரு திருகாணியும் தாங்கும் விசையைக் குறைப்பதற்காக.

வினா 5: சரிவுக்கு எதிராக நீர் மேற்கவிவினூடாக மேலேறுவதற்கான இரு காரணங்களைத் தருக.
விடை: மயிர்த்துளைத்தன்மை, காற்றின் தள்ளுகை.

செயற்பாடு

உங்கள் வீட்டின் அல்லது பாடசாலையின் தகட்டுக் கூரை ஒன்றை உள்ளே நின்று அவதானியுங்கள். கூரையில் ஏறவேண்டாம். கரையும் துருவும் காணப்படும் இடங்களைக் கொப்பியில் ஒரு படமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆணி’, ‘மேற்கவிவு’, ‘முகடு’, ‘ஒடுங்கல்’ ஆகியவற்றுள் எது காரணமாகலாம் எனக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மேசனோ தச்சரோ வரும்போது அப்படத்தை அவரிடம் காட்டுங்கள். எந்த ஆணியைக் கழற்ற வேண்டும் என்று தேடும் அவரது வேலை பாதியாகக் குறையும்.